எனக்கு ‘டுக்’ தெரியாமல் போன நாள்

போன மாதம் நுஸ்ரா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு எங்கள் நீதவான் நீதிமன்றத்துக்கு மொழிபெயர்ப்பாளராக வந்திருப்பவள். குரல் அழுகைக்குப் பக்கத்தில் நின்றது.

“மிஸ், இண்டைக்கு ஒரு லோயர் போனை நீட்டிக் காட்டினார். ‘டேக்’ எண்டா ‘எடு’ எண்டு இதில போட்டிரிக்கி, நீங்க ஏன் வேற சொல்லுறீங்க எண்டு எல்லாருக்கும் முன்னால கேட்டுட்டார்.”

“சாட்சி என்ன சொன்னார்?”

“‘ஹீ டுக் ஹிஸ் டைம்’ எண்டார். நான் ‘ஆறுதலா, அவசரப்படாம செஞ்சார்’ எண்டு சொன்ன. லோயர் ‘தன்னுடைய நேரத்தை எடுத்தார்’ எண்டு போடச் சொல்லுறார்.”

சிரித்தேன். அவளுக்கு என் சிரிப்பு பிடிக்கவில்லை. நீ சொன்னதுதான் சரி, போனுக்குச் சத்தியப் பிரமாணம் செய்து வைக்காத வரைக்கும் பயப்படாதே என்று சொல்லி வைத்தேன். ஆனால் அன்று முழுவதும் அந்தச் சொல் என்னை விடவில்லை. இருபத்தைந்து வருடம் அரசாங்கச் சம்பளம் வாங்கி மூன்று மொழிகளுக்கு நடுவில் நின்ற எனக்கு, அந்த ஒரு வினைச்சொல் ஒரு முறை தலைகுனிவைத் தந்தது. இன்னொரு முறை அதைத் தெரியாதவளாக நடித்தேன். இரண்டையும் எழுதி வைத்தால் நுஸ்ராவுக்கு உதவும்.

நான் மன்னாரில் பிறந்தவள். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஒரு பையோடு புத்தளத்துக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தில்லையடியில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்து பரீட்சைக்குப் படித்தேன். தமிழ் வீட்டில் கிடைத்தது, ஆங்கிலம் மன்னாரில் கன்னியாஸ்திரிகளிடம் கிடைத்தது, சிங்களம் புத்தளம் சந்தையில் மரக்கறி வாங்கப் போய்க் கிடைத்தது. ஆறு மாதம் ஒரு மூத்தவருக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்தேன். பிறகு என்னையே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். பயிற்சி அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பாளர் நிற்கும் இடம் சாட்சிக் கூண்டுக்கும், எதிரி என்று நாங்கள் சொல்லும் குற்றம் சாட்டப்பட்டவரின் கூண்டுக்கும் நடுவில். சாட்சி வாயை மூடும் வரை நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சாட்சி ‘நான்’ என்றால் நாங்களும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். அந்த முறையால் நான் என் வாழ்நாளில் எத்தனையோ ஆடுகளைத் திருடியிருக்கிறேன், மச்சானின் மண்டையை உடைத்திருக்கிறேன், ஒரு முறை கசிப்புச் சாராயம் காய்ச்சி அகப்பட்டு அழுதும் இருக்கிறேன். எல்லாம் முகத்தில் அசைவில்லாமல். ஒரு சொல் விளங்கவில்லை என்றால் ஊகித்துச் சொல்லக் கூடாது. நீதவானின் அனுமதியோடு சாட்சியிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். இந்தக் கடைசி விதியை யாரும் பாவிப்பதில்லை. விளங்கவில்லை என்று சொல்ல எந்த மொழிபெயர்ப்பாளருக்குத்தான் விருப்பம்?

போர் முடிந்த பின் எங்களுக்கு ஒரு நீதவான் மாற்றலாகி வந்தார். கண்டிப் பக்கத்துச் சிங்களவர். மெலிந்த உருவம், மெல்லிய குரல். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். அவர் முழுக் கோபத்தில் சொன்ன எதையும் இன்றுவரை யாரும் கேட்டதில்லை என்று பியோன் சொல்வார். சாட்சியங்களைத் தன் கையாலேயே எழுதுவார். ஏதாவது ஒன்று சரியில்லை என்று பட்டால் பேச மாட்டார். பேனாவின் மூடியை எடுத்து மெதுவாகப் பேனாவில் மாட்டுவார். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். பிறகு தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மூடி கழலும் வரை வழக்கு ஓர் அங்குலமும் நகராது.

அவருக்கு நன்றாக ஆங்கிலம் தெரியும், என்னைவிட நன்றாக. ஆனால் பதிவேடு சிங்களத்தில். ஆங்கிலத்திலோ தமிழிலோ யார் எதைச் சொன்னாலும், என் வாயால் வந்தது மட்டுமே பதிவேட்டில் ஏறும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அவர் வந்த புதிதில் ஒரு லொறி வழக்கு. வண்ணாத்திவில்லு றோட்டில் ஒரு லொறி ஒரு கறவை மாட்டைத் தட்டிவிட்டது. சாரதி முத்தையா, உடப்பைச் சேர்ந்தவர், ஐம்பது வயது. கோயில் தீமிதிப்புக்கு விரதம் இருந்த நாட்கள் அவை. கழுத்தில் மாலை, நெற்றி நிறையத் திருநீறு. மாட்டுக்காரர் கொழும்பிலிருந்து ஒரு சட்டத்தரணியைப் பிடித்திருந்தார். அவர் ஆங்கிலத்தில் மட்டும் கேட்பவர். சாரதி குடித்திருந்தார் என்று காட்டுவது அவருடைய திட்டம்.

“டூ யூ டேக் லிக்கர்?” என்று கேட்டார்.

மாலையும் திருநீறுமாக நிற்கும் மனிதரிடம் ‘குடிப்பீர்களா’ என்று கேட்க எனக்கு நாக்கு வரவில்லை. மரியாதையாக, “நீங்கள் சாராயம் எடுப்பதுண்டா?” என்று கேட்டேன்.

“ஓம். கிழமைக்கு ரெண்டு தரம்,” என்றார் முத்தையா.

சட்டத்தரணியின் முகம் மலர்ந்தது. ஒரு தரத்துக்கு எவ்வளவு என்று கேட்டார்.

“நாப்பது பெட்டி.”

நான் ‘நான்’ என்றே சொன்னேன். “நான் நாற்பது பெட்டி எடுப்பேன்.” பின்வரிசை வாங்கில் இருந்த உடப்புச் சனம் வாயில் கைவைத்தது.

“முழுவதையும் ஒரே நாளிலா?”

“வேற என்ன, வச்சிக்கொண்டா இருக்கிறது? விடிய எடுத்தா பத்து மணிக்குள்ள அவ்வளவத்தையும் இறக்கிப் போடுவன்.”

‘டிக்.’

நீதவான் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு முத்தையாவின் மாலையைப் பார்த்தார். பிறகு என்னிடம் சிங்களத்தில், “எதில் எடுக்கிறார் என்று கேளுங்கள்,” என்றார்.

கேட்டேன்.

“லொறியிலதான் ஐயா. பின்ன, தலையிலயா?”

முத்தையாவின் தொழில், அனுமதி பெற்ற ஒரு மதுபானக் கடைக்குப் போத்தல் பெட்டிகள் ஏற்றி இறக்குவது. பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. நீதிமன்றம் சிரித்து அடங்க வெகு நேரம் பிடித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. “என்னக் குடிகாரன் எண்டா கேட்டீங்க, அம்மா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அதையும் நான்தான் சிங்களத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

மதியம் நீதவான் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் நின்றேன். அவர் பழம் ஒன்றை உரித்துக்கொண்டிருந்தார்.

“அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றியதா?”

“முதல் பதிலிலேயே தோன்றியது, ஐயா.”

“ஏன் கேட்கவில்லை?”

“வெட்கமாக இருந்தது.”

“உங்களுடைய வெட்கத்துக்காக ஒரு விரதகாரர் பத்து மணிக்குள் நாற்பது பெட்டி குடித்தார்,” என்றார். குரல் மிகவும் இறங்கியிருந்தது. “இனிமேல் கேளுங்கள்.”

அவ்வளவுதான் சொன்னார். நான் வீட்டுக்குப் போய், சாப்பிடாமல் படுத்தேன்.

பிறகு சில வருடங்களில் கற்பிட்டிப் பக்கம் மாறியது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். பெரிய பட்டத்தைக் காற்றில் ஏற்றி, அதன் கயிற்றை இடுப்பில் பூட்டி, ஒரு பலகையில் நின்றுகொண்டு தண்ணீரின் மேல் ஓடும் விளையாட்டு. கண்டக்குழிக் கரையில் போட்டுகளுக்கு நடுவே விடுதிகள் முளைத்தன. அப்படி ஒரு விடுதி முதலாளிக்கும் இல்யாஸ் என்ற மீன்பிடிகாரருக்கும் பகை. இல்யாஸின் போட் அவருடைய விடுதிக்கு முன்னால்தான் கரை ஏறும். இல்யாஸின் வாப்பா காலத்திலிருந்தே அது அங்கேதான் ஏறியது. விருந்தாளிகளுக்கு மீன் நாற்றம் பிடிக்கவில்லை என்று முதலாளி பலமுறை சத்தம் போட்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை இல்யாஸைச் சிறைச்சாலை வண்டியில் கொண்டுவந்தார்கள். ஏற்கனவே எட்டு நாள் விளக்கமறியலில் இருந்தவர். முறைப்பாட்டாளர் லீனா, அந்த விடுதியில் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். அவளும் ஆங்கிலத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான், தாய்மொழி வேறு. இரண்டு நாளில் விமானம் ஏற இருந்ததால் அவளுடைய சாட்சியத்தை அன்றே பதிய வேண்டியிருந்தது.

குற்றச்சாட்டை எதிரிக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவது என் வேலை. முதலில் எனக்குள் வாசித்தேன். லீனா ஆங்கிலத்தில் சொன்னதை விடுதி முதலாளி சிங்களத்தில் சொல்ல, பொலிஸார் அதை எழுதியிருந்தார்கள். அவள் கீழே கையெழுத்துப் போட்டிருந்தாள். அதில் இப்படி இருந்தது: எதிரி என்னைப் பிடித்தெடுத்தார். கத்தியை எடுத்தார். இரண்டு மணித்தியாலம் என்னை வைத்திருந்தார். தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். நான் வீட்டின் பின்பக்கத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டேன். என் உடுப்பை எடுத்தார்கள். என் பலகையை எடுத்தார். என் பட்டத்தை எடுத்தார்.

ஒரு முறை வாசித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தேன். இரண்டாம் முறை வாசித்தபோது எனக்கு வேறொன்று மணத்தது. அந்தச் சிங்களத்துக்குப் பின்னால் ஒரே ஓர் ஆங்கில வினைச்சொல் எட்டு முறை ஒளிந்திருந்தது. ஐந்தாவது வரியில் என் கண் நின்றுவிட்டது. ‘பின்பக்கத்துக்கு.’ ஆங்கிலத்தில் ‘டேக்கன் அபாக்’ என்றால் திடுக்கிட்டுப் போனேன் என்று பொருள். அதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் ‘பின்னுக்குக் கொண்டுபோகப்பட்டேன்’ என்று வரும். இந்த ஒரு வரிதான் வழக்கைப் பயங்கரமாக்கியிருந்தது. ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கு அபிப்பிராயம் கிடையாது. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே இல்யாஸுக்கு வாசித்தேன்.

அவர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “பின்பக்கமா? ராத்தா, ஏன்ட ஊட்டுக்குப் பின்பக்கமே இல்லயே. பின்னால கடல்தான்.”

பின் வாங்கில் அவருடைய மனைவி ஸபியா முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

லீனா கூண்டில் ஏறினாள். பொலிஸ் சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்க, நான் ஆங்கிலத்தில் சொன்னேன். விடுதி முதலாளி அமர்த்திய சட்டத்தரணி முன்வரிசையில் இருந்தார். என்ன நடந்தது?

காற்றில் பட்டம் விழுந்துவிட்டது, கரை தெரியாத தூரம், என்றாள். பிறகு, “ஹீ டுக் மீ,” என்றாள்.

என் வாயில் சிங்களச் சொல் தயாராக இருந்தது. விழுங்கினேன். நீதவான் பக்கம் திரும்பினேன்.

“ஐயா, ‘டுக்’ என்ற சொல் எனக்கு விளங்கவில்லை. சாட்சியிடம் கேட்டுத் தெளிவு பெற அனுமதி வேண்டும்.”

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த சொல். நீதவான் என்னை நெடுநேரம் பார்த்தார். ‘டிக்.’ மூடி பேனாவில் ஏறியது.

“கேளுங்கள்.”

“எப்படி என்று காட்டுவீர்களா?” என்று லீனாவிடம் கேட்டேன். அவள் தன் இரண்டு கைகளையும் நீட்டி, ஒரு குழந்தையை அக்குளில் பிடித்துத் தூக்குவது போலக் காட்டினாள். “தண்ணீருக்குள்ளிருந்து. நான் கடலைக் குடித்துக்கொண்டிருந்தேன்.”

“கடலில் மூழ்கிக்கொண்டிருந்த என்னைத் தூக்கித் தன் போட்டுக்குள் ஏற்றினார்,” என்று சிங்களத்தில் சொன்னேன். மூடி கழன்றது. பேனா எழுதியது.

“ஹீ டுக் எ நைஃப்.”

“ஐயா, ‘டுக்’ விளங்கவில்லை.”

இந்த முறை சட்டத்தரணி எழுந்தார். “மொழிபெயர்ப்பாளருக்கு இப்போதுதானே விளங்கப்படுத்தினார்கள்!”

“அது முந்திய ‘டுக்’,” என்றார் நீதவான், மின்விசிறியைப் பார்த்தபடி.

பட்டத்தின் கயிறு அவளுடைய காலில் சுற்றியிருந்ததாம். அவர் கத்தியால் அதை வெட்டினாராம். காலைத் தூக்கித் தழும்பைக் காட்டப் போனாள், நான் தடுத்தேன். அடுத்தது, “இட் டுக் டூ அவர்ஸ்.” அதையும் கேட்டேன். எதிர்க்காற்றில் கரைக்கு வர அவ்வளவு நேரம் பிடித்ததாம். குற்றச்சாட்டில் இருந்த ‘வைத்திருந்தார்’ பதிவேட்டில் ஏறவில்லை.

இப்போது சட்டத்தரணி வேறு வழியில் வந்தார். “கனம் ஐயா, மொழிபெயர்ப்பாளரும் எதிரியும் ஒரே சனம். எதிரி அவவை ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிட்டதை மன்று கேட்டது. அவ எதிரிக்காகச் சாட்சியை நடத்துகிறா.”

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. எனக்குள் இருந்த ஆசையை அவர் கண்டுவிட்டார். நீதவான் என்னிடம், “என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டார்.

“ஐயா, எனக்கு இந்தச் சொல் எந்த இடத்திலும் விளங்கவில்லை. அவருக்கு நல்லதாக வரும் இடத்திலும் கெட்டதாக வரும் இடத்திலும் ஒரே மாதிரிக் கேட்பேன்.”

“அப்படியானால் கடைசி வரைக்கும் விளங்காமலே இருங்கள்,” என்றார்.

வீடு. “ஹீ டுக் மீ டு ஹிஸ் ஹவுஸ்.” ஏன்? அதுதான் கிட்ட இருந்தது, எனக்குக் குளிரில் பல் கிட்டியது என்றாள். பிறகு அந்த ஐந்தாவது. அவள் முகம் சிவக்க, “ஐ வாஸ் டேக்கன் அபாக்,” என்றாள்.

சார்ஜன்ட் நிமிர்ந்தார். முன்வரிசை நிமிர்ந்தது.

“விளங்கவில்லை, ஐயா.”

“எனக்கும்தான்,” என்றார் நீதவான். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். “முழுமையாகக் கேளுங்கள்.”

லீனா என்னிடம் சொன்னாள்: “திடுக்கிட்டுப் போனேன். அவருடைய மனைவி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பாயில் உட்காரவைத்து, என் தலையைத் தன் மடியில் போட்டு, துவாயால் துவட்டத் தொடங்கிவிட்டா. பிறகு எண்ணெய் வைத்தா. எங்கள் நாட்டில் தெரியாதவர்கள் தலையைத் தொட மாட்டார்கள்.”

ஒவ்வொரு சொல்லாக அதைச் சிங்களத்தில் சொன்னேன். பிறகு தமிழில் இல்யாஸுக்குச் சொன்னேன். பின் வாங்கிலிருந்து ஸபியா எழுந்துவிட்டார். “முடியெல்லாம் உப்புத் தண்ணி, ராத்தா! காச்சல் வந்துடும் எண்டுதான்...” நீதிமன்றச் சேவகர் அவரை உட்காரவைத்தார். உடுப்பை எடுத்ததும் ஸபியாதான். நனைந்ததை அவிழ்க்கச் சொல்லித் தன் சட்டையைக் கொடுத்து, நனைந்ததைக் கழுவிக் காயவைத்து, மறுநாள் மகளிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்.

லீனா எதிரிக் கூண்டைக் கையால் காட்டினாள். “இவர் ஏன் இதற்குள் நிற்கிறார்? காப்புறுதிக்குக் காட்ட ஒரு பொலிஸ் கடிதம் வேண்டும் என்றுதான் நான் போனேன். என் பட்டம் போய்விட்டது என்று எழுதிய ஒரு கடிதம். அவ்வளவுதான் கேட்டேன்.”

மொழிபெயர்த்தேன். நீதவான் சொன்னார்: “சாட்சி கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லுங்கள். நல்ல கேள்வி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.”

பலகையை இல்யாஸ் மறுநாள் கடலில் கண்டு எடுத்து, அவளிடம் கொடுக்க வீட்டில் வைத்திருந்தார். கொடுப்பதற்கு முன் பொலிஸ் வந்துவிட்டது. எல்லாம் சரியாகிக்கொண்டு வந்தது. எனக்குள் ஒரு கெட்ட சந்தோசம். அப்போதுதான் எட்டாவது வந்தது.

“ஹீ டுக் மை கைட்.”

இல்யாஸ் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. இந்த ‘டுக்’ உண்மையான ‘டுக்’. கேட்காமல், ‘கொண்டுபோனார்’ என்று மழுப்பி ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போகலாம். வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது, யாரும் கவனிக்க மாட்டார்கள். சட்டத்தரணி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லப்போனால் அவர் பார்க்காவிட்டாலும் எனக்கு வழியில்லை. ஏழு முறை விளங்காத சொல் எட்டாம் முறை எப்படி விளங்கும்?

“விளங்கவில்லை, ஐயா,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“எனக்குத் தெரியாது. நான் பட்டத்தைப் பிறகு காணவில்லை. அவரைத்தான் கேட்க வேண்டும்,” என்றாள் லீனா.

யாரும் கேட்பதற்கு முன் இல்யாஸே வாயைத் திறந்தார். “எடுத்ததுதான், ராத்தா. பொய் சொல்ல ஏலா. நான் வெட்டினதால கிழிஞ்சி போன சீலதானே, குப்பைக்குத்தான் எண்டு நெனச்ச. பொஞ்சாதி புள்ளைகளுக்கு மழைக்கோட்டுத் தச்சிட்டா. மூணு.”

ஸபியா மறுபடி எழுந்தார். “நாந்தான் தச்ச! அவரை உடுங்க, என்னைப் புடிங்க!”

எல்லாவற்றையும் சொன்னேன். மழைக்கோட்டு, மூன்று, குப்பை, எதையும் குறைக்கவில்லை. சட்டத்தரணி வெற்றியோடு எழுந்து, “ஆகவே களவு,” என்றார். மூடி பேனாவில் ஏறியது. நீதவான் மின்விசிறியைப் பார்க்கவில்லை, லீனாவைப் பார்த்தார். நான் அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. “மூன்றா? ஊதா நிறத்திலா?” என்று கேட்டாள். பிறகு நீதவானைப் பார்த்து, “லெட் ஹெர் டேக் இட்,” என்றாள்.

நீதவான் என்னிடம் திரும்பினார். “இது விளங்குகிறதா, அல்லது கேட்க வேண்டுமா?”

“இது விளங்குகிறது, ஐயா. அவவே வைத்துக்கொள்ளட்டுமாம்.”

பகல் ஒரு மணிக்கு இல்யாஸ் விடுதலையானார். வாக்குமூலத்தை மொழிபெயர்த்தது யார், எந்தத் தகுதியில் என்று பொலிஸார் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்று உத்தரவு. லீனாவுக்கு, கயிறு வெட்டப்பட்டுப் பட்டம் பழுதானது என்ற கடிதம் அன்றே கிடைத்தது. வெளியே மாமரத்தடியில் ஸபியா அவளுடைய தலையைத் தொட்டுப் பார்த்து, “எண்ணெய் வைக்கிறல்லயா நீங்க? வறண்டு போயிரிக்கி,” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதை மொழிபெயர்க்க யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அவர்களுக்குத் தேவையும் படவில்லை.

சட்டத்தரணி சும்மா இருக்கவில்லை. மூன்று வாரத்தில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘சாதாரண ஆங்கில வினைச்சொல் ஒன்று தமக்கு விளங்கவில்லை என்று மொழிபெயர்ப்பாளர் ஒரே அமர்வில் எட்டு முறை கூறியதாக முறைப்பாடு கிடைத்துள்ளது. விளக்கம் தருக.’ பதிவாளர் அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் அதை எடுத்துக்கொண்டு நீதவானிடம் போனேன்.

“எது உண்மை?” என்று கேட்டார். “தெரியாதா, தெரிந்தும் தெரியாது என்றீர்களா?”

“தெரியும் என்று எழுதினால் நான் மன்றிடம் பொய் சொன்னவளாகிறேன், ஐயா. தெரியாது என்று எழுதினால் முட்டாளாகிறேன்.”

“எதை எழுதப்போகிறீர்கள்?”

“தெரியாது என்று.”

அவர் தலையை ஆட்டினார். அந்த முகத்தில் நான் சிரிப்பைக் கண்டேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். என் விளக்கக் கடிதத்தில் ‘பார்த்தேன்’ என்று கையெழுத்து வைத்தார், அவ்வளவுதான்.

பதில் தாமதமின்றி வந்தது. புத்தளத்தில் அரசாங்க ஊழியருக்கான அடிப்படை ஆங்கில வகுப்பில் ஆறு சனிக்கிழமை நான் கலந்துகொள்ள வேண்டும். போனேன். என்னோடு இருந்தவர்கள் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள். ஆசிரியருக்கு என் மகனின் வயது. கடைசிச் சனிக்கிழமை பரீட்சை. அதில் ஒரு வினா: பின்வரும் வினைச்சொற்களின் பொருளை ஒவ்வொரு சொல்லில் எழுதுக. முதலாவது ‘கோ’. ‘போ’ என்று எழுதினேன். இரண்டாவது ‘கம்’. ‘வா’ என்று எழுதினேன். மூன்றாவது ‘டேக்’. அதற்கு முன்னால் ஓர் அங்குலக் கோடு போட்டிருந்தார்கள்.

‘எடு’ என்று எழுதினேன். மனம் கேட்கவில்லை. காற்புள்ளி போட்டு, ‘தூக்கு’ என்று எழுதினேன். பிறகு கொண்டுபோ, கூட்டிப்போ, குடி, விழுங்கு, நேரம் பிடி, வைத்துக்கொள், பொறுத்துக்கொள், விடைபெறு, படம் பிடி, பொறுப்பேற்றுக்கொள், ஆறுதலாகச் செய், ‘டேக் கெயார்’ என்றால் கவனமாக இரு, ‘டேக்கன் அபாக்’ என்றால் பின்பக்கம் அல்ல என்று கோட்டைத் தாண்டி, ஓரத்தில் ஏறி, தாளின் மறுபக்கத்தில் பாதி வரை போய்விட்டேன். மணி அடித்தது.

தாள் திரும்பி வந்தபோது அந்த வினாவுக்கு எதிரே சிவப்பு மையில், ‘ஒரு சொல் மட்டுமே கேட்கப்பட்டது. புள்ளி இல்லை’ என்றிருந்தது. மொத்தத்தில் எனக்குச் சாதாரண சித்தி, வெறும் தேர்ச்சி. பதிவாளர் அந்தச் சான்றிதழை என் சுயவிபரக் கோப்பில் போட்டு, அதன் மேல், ‘குறைபாடு நிவர்த்தி செய்யப்பட்டது’ என்று எழுதிக் கையொப்பமிட்டார்.